மூச்சு வாங்காத கார்

எங்கள் வீட்டுக் காரைக் கட்டைவண்டிகள் முந்திக்கொண்டு போகும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே போகும். சேந்தமங்கலம் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்காரர்கள் எங்களுக்குப் பின்னால் வந்து, சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாட்டின் வாலைத் திருகி எங்களைத் தாண்டுவார்கள். சும்மாவும் தாண்ட மாட்டார்கள். “ஏனுங்க, மாடு ஏதாச்சும் வேணுமுங்களா, முன்னால கட்டிக்கறதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் உறைக்காது. இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர் போலத்தான் அவர் கார் ஓட்டினார்.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்ததே அக்காவுக்காகத்தான். அக்காவுக்கு இளைப்பு நோய். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், அவள் நெஞ்சுக்குள் யாரோ துருத்தி ஊதுவது போலச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். படுக்க முடியாது. கயிற்றுக் கட்டிலில் குந்திக்கொண்டு, முழங்காலில் கைகளை ஊன்றி, விடிய விடிய மூச்சை இழுப்பாள். நாமக்கல்லில் இருந்த வைத்தியர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. மந்திரித்துப் பார்த்தாயிற்று, கயிறு கட்டிப் பார்த்தாயிற்று. சேலத்தில் ஒரு டாக்டர் போடுகிற ஊசிக்கு மட்டும்தான் அது அடங்கியது. ஆனால் சேலம் என்ன பக்கத்திலா இருக்கிறது? கட்டைவண்டியில் ராசிபுரம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் ரோட்டுப் புழுதியே அவள் உயிரை வாங்கிவிடும்.

அதனால் அப்பா சோளம் போடுகிற மேட்டுக்காட்டை விற்றார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். துரையின் டிரைவர் கூடவே வந்து தங்கி, ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். பெண்பிள்ளைக்காகக் காட்டை விற்றவன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு நேராகவே கேட்டவர்களும் உண்டு. “என்ற புள்ளை மூச்சு உட்டாத்தானுங்க எனக்குச் சோறு எறங்குது,” என்று அப்பா பதில் சொன்னார். அவரைப் பற்றி நான் இனிமேல் என்ன சொன்னாலும் இதை மறந்துவிடக் கூடாது.

கார் வந்த அதே வருஷம்தான் கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த ஒரு சாமியார் எங்கள் ஊர்க் கோயிலில் தங்கினார். நல்ல மனுஷர்தான், யாரிடமும் கை நீட்டவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது விபூதி பூசிவிட்டு, எல்லாருக்கும் சொல்வது போல ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். பிறக்கும்போதே ஒவ்வொரு உயிருக்கும் இத்தனை மூச்சு என்று அளந்துதான் விட்டிருக்கிறது. ஆமை நிதானமாக மூச்சு விடுகிறது, தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைக்கிறது, சீக்கிரம் போய்ச் சேருகிறது. மூச்சைச் சேமித்தால் ஆயுளைச் சேமிக்கலாம். அவ்வளவுதான் அவர் சொன்னது.

எத்தனையோ பேர் கேட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். எங்கள் அப்பா மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். எந்த டாக்டரும் வைத்தியரும் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுக்கவில்லை. சாமியார் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா நடக்கிற நடை மாறிப்போனது. ஓடக் கூடாது. குனிந்து கோலம் போடக் கூடாது. உரலில் கை வைக்கக் கூடாது. வாய் விட்டுச் சிரித்தால், “அடக்கு சாமி, அடக்கு,” என்று ஆசாரத் திண்ணையிலிருந்து அப்பாவின் குரல் வரும். ஆடி நோம்பிக்கு ஊர்ப் பெண்கள் எல்லாம் வேப்பமரத்தில் தூரி கட்டி ஆகாயத்துக்கும் பூமிக்குமாக ஆடுவார்கள். கயிறு கிறீச்சிடுகிற சத்தமும் அவர்கள் கத்துகிற கத்தலும் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் காது மட்டும் அங்கே இருக்கும். நான் சின்னவள், எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆனாலும் எனக்கும் அதே சட்டம்தான். நான் வாசலில் ஓடினால் அப்பா கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். எங்கள் வீட்டில் கோழி மட்டும்தான் இஷ்டத்துக்கு ஓடிற்று.

பொழுது சாய்ந்ததும் அப்பா அக்காவின் பக்கத்தில் வந்து உட்காருவார். வலது உள்ளங்கையை அவள் முதுகில் வைத்து, கண்களை மூடிக்கொண்டு, மூச்சு எப்படிப் போய் வருகிறது என்று பார்ப்பார். அது சீராக இருந்தால் முகம் தெளிந்துவிடும். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போய், அதே கையைக் காரின் இன்ஜின் மூடிமேல் வைத்துப் பார்ப்பார். அங்கேதான் அந்த யோசனை அவருக்குள் புகுந்திருக்க வேண்டும். காரும் மூச்சு விடுகிறதல்லவா? காற்றை இழுக்கிறது, புகையை விடுகிறது. மிதித்தால் வேகமாக இரைக்கிறது. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்படியானால் அதற்கும் ஆண்டவன் அளந்துதானே விட்டிருப்பான்? அக்காவைச் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கார், வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய கார், அதன் மூச்சை இப்போதே இரைக்கவிட்டு வீணாக்கலாமா?

ஆகவே காருக்கும் எங்கள் வீட்டுச் சட்டம் வந்துவிட்டது. கிளப்பினதும் மளமளவென்று கியரை மாற்றி மேல் கியரில் போட்டுவிடுவார். அதில் போட்டால் இன்ஜின் குறைவாகச் சுற்றும், அதனால் தேய்மானமும் குறைவு என்பது அவர் கணக்கு. காலை வைத்தும் வைக்காமலும் ஆக்ஸிலரேட்டரைத் தொடுவார். கார் முக்கும், உதறும், கிழவர் இருமுவது போல டொக்கு டொக்கென்று இருமிக்கொண்டே நகரும். சத்தம் மட்டும் எழாது. அதுதான் அவருக்கு வேண்டியது.

இந்த நிலைமையில் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. சேலத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், முதலாளியோடு வாய்த்தகராறு செய்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பீடி, சீட்டி, சில்க் சட்டை என்று ஆள் அமர்க்களமாக இருப்பார். அவர் சொல்வதில் பாதி அளப்பு என்று அம்மாவே சொல்லுவாள். முதல் நாள் அப்பா ஓட்டிய காரில் உட்கார்ந்து வந்தவர், இறங்கினதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மச்சான், இது மாடு இல்லீங்க, பாவம் பாக்கறதுக்கு. மிதிச்சாத்தான் உள்ள எண்ணெய் ஏறும். டாப்புல போட்டு இப்படி அமுக்கி அமுக்கி ஓட்டுனா, உள்ளுக்குள்ளயே இடிச்சுக்கும்.”

“சுத்தற எதா இருந்தாலும் தேயும், மாப்ள,” என்றார் அப்பா. “எச்சாச் சுத்துனா எச்சாத் தேயும். கெணத்து உருளையப் பாரு, வண்டி அச்சப் பாரு, உங்கக்கா ஆட்டற ஆட்டுக்கல்லப் பாரு. உன்ற வாய் ஒண்ணுதான் தேய மாட்டேங்குது.”

ஊரே சிரித்தது. அப்பா சொன்னதில் யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கிணற்று உருளை தேய்கிறது, எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் யார்? பிறகு எங்கள் வீட்டில் தினமும் இதே பேச்சுதான். சோறு போட்டால் இதே பேச்சு, வெற்றிலை போட்டால் இதே பேச்சு. மிதித்தால் தேயுமா, மிதிக்காவிட்டால் கெடுமா? அம்மா தம்பி பக்கம், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். நான் அப்பா பக்கம். அக்கா யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சந்தை நாளில் அப்பா மாடு பார்க்கப் போயிருந்தார். மாமா கொட்டகைக் கதவைத் திறந்து, காரின் துணிக்கூரையை மடக்கிவிட்டு, முன்பக்கம் கம்பியைப் போட்டுச் சுற்றிக் கிளப்பினார். “ஏறுங்க புள்ளைங்களா,” என்றார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அக்காவின் தலையில் துண்டைக் கட்டிவிட்டாள். ஊர் எல்லையைத் தாண்டினதும் மாமா மிதித்தார். நான் அதுவரை அந்தக் காரின் குரலைக் கேட்டதே இல்லை. ஒரு உறுமல் கிளம்பிற்று பாருங்கள், பனைமரத்துக் காக்காய் எல்லாம் எழுந்து பறந்துவிட்டன. தேய்கிறது, தேய்கிறது, அப்பா வந்தால் கொன்றுவிடுவார் என்று நான் சீட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அக்கா அழவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். தலைத்துண்டு பறந்து போயிற்று. “இன்னும் மிதிங்க மாமா! இன்னும்!” என்று கத்தினாள். அக்காவின் கத்தலை நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு சிரித்தாள். அடக்காத சிரிப்பு. வாயெல்லாம் காற்று புகுந்து, கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூரி ஆடுகிற பெண்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

வீட்டுக்கு வரும்போது அவள் முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. ஒரு இளைப்பும் இல்லை. மாமா மீசையை முறுக்கிக்கொண்டார். ஆனால் பொழுது சாய்ந்ததும் நெஞ்சுக்குள் துருத்தி ஊத ஆரம்பித்துவிட்டது. புழுதியோ, குளிர்காற்றோ, வருகிற மழையோ, எது என்று யார் கண்டார்கள்? அப்பா முதுகில் கை வைத்துப் பார்த்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காரின் மூடிமேல் கை வைத்தார், அதுவும் கொதித்துக்கொண்டிருந்தது. மாமாவைத் திட்டக்கூட இல்லை. “ரெண்டுக்கும் மூச்சு வாங்க வெச்சுட்டியே மாப்ள,” என்றார். காரைக் கிளப்புகிற இரும்புக் கம்பி அன்று முதல் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போயிற்று. மாமா பிறகு காரைத் தொடவில்லை.

கார்த்திகையில் அடைமழை. அக்காவுக்கு அந்தத் தடவை வந்ததைப் போல முன்பு வந்ததே இல்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய்விடும். கைவைத்தியம் எதற்கும் கேட்கவில்லை. காலையில் அப்பா காரைக் கிளப்பினார். அம்மாவும் அக்காவும் நானும் பின்னால், மாமா முன்னால். என்னை யாரிடம் விடுவது என்று யோசிக்கக்கூட அன்று ஆளில்லை.

ராசிபுரம் போகிற வரைக்கும் ரோடு சமதரை. கட்டைவண்டிகள் அன்றும் தாண்டிப் போயின, ஆனால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “கொஞ்சம் மிதிங்க மச்சான்,” என்பார், அப்பா காதில் விழாதது போல இருப்பார். நான் அம்மாவின் மடிக்கும் கதவுக்கும் இடையில் நசுங்கிக்கொண்டு, அக்காவின் மூச்சையும் காரின் இருமலையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டும் சேர்ந்து சேர்ந்து வந்தன.

ராசிபுரம் தாண்டியதும் ஒரு கரட்டு மேடு. ரோடு அதன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். கார் மேல் கியரிலேயே ஏற ஆரம்பித்தது. முக்கிற்று. உதறிற்று. உள்ளே யாரோ சுத்தியல் வைத்துத் தட்டுவது போல டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

“மச்சான், உங்க காலப் புடிச்சுக்கறேன். கியர எறக்கிட்டு மிதிங்க. கத்துனாக் கத்தட்டும்!”

“மிதிச்சுத் தேச்சு, வழியில நின்னு போனா என்ற புள்ளைய எதுல கொண்டு போறது? சேலம் வரைக்கும் போகோணும் மாப்ள. கம்முனு இரு.”

அவர் முரண்டு பிடித்தார் என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த ஒரே ஒரு காரை, ஒரே ஒரு வழியில், தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் காப்பாற்றிக்கொண்டு போனார்.

அக்கா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தலையைத் தூக்கி, “மிதிங்கப்பா,” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு இழுத்தது.

“பேசாத சாமி. மூச்சு வீணாப் போகுது பாரு,” என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

அக்கா பேசவில்லை. அவள்தான் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்ணாயிற்றே.

பாதி மேட்டில் இன்ஜினுக்குள் படீரென்று என்னமோ விட்டுப்போனது. இரும்புச் சட்டியில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தது. பிறகு கார் நின்றுவிட்டது. மாமா குதித்துக் கம்பியைப் போட்டுச் சுற்றினார். அது அசையவே இல்லை. இறுகிப் போயிருந்தது. “போச்சு,” என்றார். பீடியை வீசிவிட்டு, பஸ்ஸோ லாரியோ எதையாவது மறித்துக்கொண்டு வருகிறேன் என்று வந்த வழியே ஓடினார்.

அப்பா காரை விட்டு இறங்கினார். அதைச் சுற்றி வந்தார். கையை மூடிமேல் வைத்தார், எடுத்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சட்டென்று பின்கதவைத் திறந்து அக்காவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டில் ஓட ஆரம்பித்தார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேட்டி அவிழ்ந்து காலைத் தட்ட, மழைச் சேற்றில் வழுக்க வழுக்க, புஸ்புஸ்ஸென்று இரைத்துக்கொண்டு ஓடினார். அம்மா தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். ஓடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மேட்டின் உச்சியில் அப்பா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. அக்கா அவர் தோளில் இருந்தாள். அவர் வலது உள்ளங்கை அவள் முதுகில் இருந்தது. மாமா ஒரு பஸ்ஸை மறித்து ஏறி வந்து இறங்கியபோது அக்காவுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதத்தைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மாமாவின் சீட்டிச் சத்தம் நின்றுபோனது. அப்பா எங்கே போனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டே போனார், என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. காரை ஒரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு போய், சூரமங்கலத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் விட்டிருந்தார்கள். இன்ஜினைப் பிரித்தாயிற்று, வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவும் மாமாவும் நானும் பஸ்ஸில் போனோம்.

வழியெல்லாம் அப்பா ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிப் பேசினார். “பழைய வண்டிதான மாப்ள. தொரை எப்படி எப்படி ஓட்டுனானோ. தேஞ்சுதான் போயிருக்கும். அதுக்கு உட்ட மூச்சு முடிஞ்சு போயிருக்கும். முடிஞ்சு போனா அப்பறம் யாரு என்ன பண்ண முடியும்?” இதற்கு முன்பாக இருந்தால் மாமா வரிந்துகட்டிக்கொண்டு வந்திருப்பார். அன்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “ஆமாங்க மச்சான்,” என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பட்டறையில் இன்ஜின் துண்டு துண்டாகக் கோணிமேல் கிடந்தது. அதைப் பிரித்துப் போட்ட பிட்டர், வெற்றிலைக் குதப்பலோடு வந்தார். நாங்கள் யார், என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“பழைய வண்டிங்க. உள்ள நல்லாத் தேஞ்சிருக்குமுங்களே?”

“யாரு சொன்னது?”

“இல்லீங்க, பாருங்க, நல்லாப் பாருங்க. தேஞ்சுதான் இருக்கோணும்.” மாமா குரலில் கெஞ்சல் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் பிட்டருக்குக் கண்ணைக் காட்டினார். நான் பார்த்துவிட்டேன்.

பிட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் தொழிலில் இன்னொருத்தன் வந்து நாட்டாமை செய்கிறானே என்று நினைத்திருப்பார். இன்ஜினில் பிஸ்டன் ஓடுகிற ஒரு துளையைத் துணியால் துடைத்து, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டார். “நீங்களே தடவிப் பாருங்க. கண்ணாடி மாதிரி இல்ல? தேயவே இல்லீங்க. மிதிக்காம பொத்திப் பொத்தி வெச்சிருந்தீங்களாட்ட இருக்குது. பேரிங்குல இருக்கற ஈயந்தான் அடிவாங்கி அடிவாங்கி நசுங்கி உதுந்துருச்சு. அமுக்கி ஓட்டுனா அப்படித்தான் ஆகும். கொஞ்சம் மிதிச்சு ஓட்டியிருந்தீங்கன்னா, இது இன்னும் எத்தனையோ வருசம் ஓடியிருக்குமுங்க.”

“மிதிச்சாத் தேயாதுங்களா?” என்றார் அப்பா. அவர் கை இன்னும் துளைக்குள்ளேயே இருந்தது.

“தேயும். தேஞ்சா என்னங்க? தேயறதுக்குத்தான அதச் செஞ்சு வெச்சிருக்குது.”

எனக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. தேயவே இல்லை என்பது மட்டும்தான் ஏறிற்று. எத்தனை நாள் சண்டை! எத்தனை பேர் சிரித்தார்கள்! கடைசியில் அப்பா சொன்னதுதான் சரி என்று ஒரு பெரிய பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். மாமா தோற்றுப்போனார், அதனால்தான் அவர் முகம் அப்படித் தொங்கிப்போய்விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, “பாத்தீங்களாப்பா! தேயவே இல்லையாமா! நீங்கதான் செயிச்சீங்க!” என்று கத்தினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். துளையிலிருந்து கையை எடுத்து, விரல்களில் இருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாமாதான் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், ரயிலைக் காட்டுகிறேன் வா என்றார். அவர் ரயிலைக் காட்டவில்லை. தண்டவாளத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதார். தோற்றதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் இளப்பமாகக்கூட இருந்தது.

காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டோம். அதற்கு என்ன கிடைத்தது, யார் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமா சேலத்திலேயே தங்கிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் பஸ் பிடித்துத் திரும்பினோம். ஊர்ப் பிரிவில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மழை விட்டு, மண் தடம் இறுகி, இரண்டு பக்கமும் சோளத்தட்டு நின்றது. ஆள் நடமாட்டம் இல்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் அப்பா என் கையை விட்டார். அந்த மாதம் முழுக்க விடாத கையை விட்டார்.

“ஓடு சாமி,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டேன், சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்து, அசையாமல் நின்றேன்.

“எதுக்குங்கப்பா?”

“சும்மா ஓடு. மூச்சு வாங்கற மட்டும் ஓடு. கத்தறதுன்னாலும் கத்திக்க.”

முதலில் பயந்து பயந்து ஓடினேன். திரும்பிப் பார்த்தேன், அவர் தடுக்கவில்லை. பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தத் தடத்தில் தலைதெறிக்க ஓடினேன். காரைப் போல உறுமிக்கொண்டே ஓடினேன், மாமா மிதித்தபோது கேட்டதே, அந்த உறுமல். சோளத்தட்டிலிருந்து குருவிகள் எழுந்து பறந்தன. தூரத்துப் பனைமரத்தைத் தொட்டுவிட்டு, நெஞ்சு படபடக்க, நாய்க்குட்டி மாதிரி இரைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அப்பா தடத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார்.

என்னை இழுத்துத் திருப்பி நிறுத்தி, வலது உள்ளங்கையை என் முதுகில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். அந்தக் கையில் இன்னும் இன்ஜின் எண்ணெய் வாசம் அடித்தது. என் மூச்சு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. வைவார் என்று பயந்து, அதை அடக்கப் பார்த்தேன்.

“அடக்காத சாமி,” என்றார். “வாங்கட்டும். நல்லா வாங்கட்டும்.”

என் முதுகிலிருந்த அவர் கை உதறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்ததல்லவா, அந்த ஆட்டம் அவருக்கு இன்னும் நிற்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.